பூட்டிய வீடுகளில் நான் குடிவைத்தவர்கள்

இருநூற்று நாற்பது படிவங்கள்.
தொண்ணூற்றாறு பேரிடம் மெய்யாகவே கேட்டேன்.
சித்திரை வெயில். பள்ளத்தூரில் தெருவுக்குத் தெரு
முன்வாசல் ஒரு வீதியிலும் பின்வாசல் மறு வீதியிலுமாக வீடுகள்.
பித்தளைப் பூட்டு, அதன்மேல்
பங்காளி வழக்கின் அரக்கு முத்திரை.
மூன்று முறை தட்டினேன்.
புறாக்கள் பதில் சொல்லின.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
கண்மாய்க்கரைக் காலனிக்கு
நிழலில்லாத ஒன்றரை மைல். போகவில்லை.

மீதி நூற்று நாற்பத்து நான்கையும்
கோட்டையூர் ரயிலடி டீக்கடையில்
இரண்டு நாளில் எழுதி முடித்தேன்.
மூன்று பேனா. சிலவற்றை இடது கையால்.
ஒன்றின் மூலையில் டீயைச் சிந்தவும் செய்தேன்.
அப்பாவுக்குப் புதுவயல் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு.
ஒன்று குறைந்தால் இரவெல்லாம் திரும்ப எண்ணுவார்.
எனக்கு எண்ணிக்கை
முதல் தடவையே சரியாக வந்தது.

பதினேழாம் எண் வீட்டில்
மெய்யம்மையைக் குடிவைத்தேன்.
வயது ஐம்பத்திரண்டு. கணவர் இல்லை.
சர்க்கரை: உண்டு.
மாத்திரைச் செலவு மாதம் அறுநூற்று நாற்பது.
ஏனோ அவளுக்கு மட்டும்
‘வேறு ஏதேனும்’ என்ற கோட்டில்
‘ராத்திரி கால் எரியுது’ என்று எழுதினேன்.

என் நான்காம் அட்டவணை
சுகாதார நிலையத்துக்குப் போனது.
அந்த ஒரு தெருவில் மட்டும்
சர்க்கரைக்காரர் பத்தொன்பது பேர்.
புதன்தோறும் வண்டி வந்து நின்றது,
பூட்டுகளுக்கு எதிரே.
செவிலி ஆரோக்கியச்செல்வி
பட்டியலோடு என்னை மறித்தாள்:
“பதினேழுல ஆளையே காணோமே, தெரியுமா?”
“மக வீட்டுக்குப் போயிருப்பாங்க.”
இப்படித்தான் மெய்யம்மைக்கு
ஒரு மகளும் பிறந்தாள்.

விசாரணைக் குழுவில்
புள்ளியியல் பேராசிரியர் இருதயதாசன்
குரலை உயர்த்தவே இல்லை.
“வயசு கேட்டா நம்ம ஜனங்க எப்படிச் சொல்லும்?
நாப்பது இருக்கும். அறுபது இருக்கும்.
உங்க முதல் தொண்ணூத்தாறுல பாதிப்பேர் அப்படித்தான்.
அதுக்கப்புறம் ஒருத்தர்கூட இல்லை.
நாப்பத்திமூணு, அம்பத்தேழு, அறுபத்தொண்ணு...
அத்தனை பேருக்கும்
பிறந்த தேதி தெரிஞ்சிருக்கேம்மா.”

உண்மை மாதிரி இருக்கட்டும் என்றுதான்
முழு எண்களை ஒதுக்கினேன்.

ஆய்வுப் பதிவு ரத்து.
மூன்று ஆண்டு எங்கும் சேர முடியாது.
உதவித்தொகையைப் பதினெட்டுத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும்.
நெறியாளர் விசாலம் அம்மாவும்
இரண்டு ஆண்டுக்குப் புது மாணவர் எடுக்க முடியாது.
வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்:
“வெயில்னு சொல்லியிருந்தா
ஒரு மாசம் தள்ளிக் குடுத்திருப்பேனே?”
நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில்
அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போலிகளை என் கையாலேயே
குறுக்கே அடித்துக் கையொப்பமிடச் சொல்லியிருந்தார்கள்.
சாயங்காலம் வரை ஆனது.
எழுதியதைவிட அடிப்பதற்குக்
கை அதிகம் வலித்தது.
டீக்கறைப் படிவத்தை அடிக்கும்போது
அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்து
“இது நெசமா இருக்கும் போல” என்றார்.

அடுத்த புதன்.
வண்டியருகே போய்ச் சொன்னேன்.
மகளையும் சேர்த்துச் சொன்னேன்.
செல்வி பேசவில்லை.
பெட்டியைத் திறந்தாள்.
ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள்,
ஒவ்வொன்றிலும் என் கற்பனையில் பிறந்த பெயர்.
காலாவதி: போன மாதம்.

“காலனியிலேருந்து நடந்து வந்து கேட்டாங்க,” என்றாள்.
“பட்டியல்ல பேரில்லைன்னு
திருப்பி அனுப்பிட்டேன்.”

“எத்தனை பேர்?”

“எண்ணலை.
ஒரு பத்துப் பேர் இருக்கும்.”